வலது தோளில் பூணூல்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது என்பது உனக்குத் தெரிந்ததுதான், மாளவிகா. "ஸ்ரீநாத்துக்கு நாற்காலி போடறது தண்டம், நடக்க எடம் விட்டாப் போறும்" என்று உன் அம்மா சொல்வாள். நேற்று நீ வந்திருந்தபோதும் அப்படித்தான். நீ பேசப் பேச நான் ஜன்னலுக்குப் போனேன், திரும்பி வந்தேன், அலமாரிக் கதவைத் திறந்தேன், எதற்குத் திறந்தோம் என்று தெரியாமல் மூடினேன். அதனால்தான் பதிலை எழுத்தில் தருகிறேன். எழுதும்போது மனிதன் கொஞ்ச நேரமாவது உட்கார்ந்துதானே ஆக வேண்டும்.

நீ கேட்டது ஒரே ஒரு வரி. ‘தர்மாம்பாள் சித்திரங்கள்’ என்ற என் புத்தகம் மறுபதிப்பு வருகிறது. அதில் அந்தப் பூணூல் படத்தை வரைந்தது தர்மாம்பாள்தான் என்று முதலில் கண்டுகொண்டவர் உன் அப்பா பிரசாத் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். "அப்பா கடைசியா ஃபோன் பண்ணினப்போ சொன்னார் மாமா. பவித்திரம், பவித்திரம்னு ஒரே சந்தோஷம். எனக்கு அப்போ ஒண்ணும் புரியல. ஒங்க புஸ்தகத்தைப் படிச்சப்பறம்தான் புரிஞ்சுது" என்றாய். குரலை உயர்த்தவில்லை. கோபம் வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வது உங்கள் வீட்டு வழக்கம். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

நீ அத்துடன் போயிருக்கலாம். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே இன்னொன்றும் சொன்னாய். "அந்த சாஸ்திரிகள் மட்டும் அன்னிக்கு நேரத்துக்கு வந்திருந்தா அப்பா இருந்திருப்பார், இல்லையா மாமா?" நான் தலையை ஆட்டினேன். நீ போனதிலிருந்து அந்த வாக்கியம் என்னைப் படுத்தி எடுக்கிறது. காலையில் மாங்கொல்லைப் பக்கம் நடந்தேன், குளத்தைச் சுற்றினேன், போதாதென்று பஸ் ஏறித் திருவான்மியூர் போய்க் கடலைப் பார்த்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பினேன். போன இடமெல்லாம் அந்த வாக்கியமும் கூடவே வந்தது.

ஏன் படுத்துகிறது என்று உனக்குப் புரிய வேண்டுமானால் என் வேலையை நீ கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். பழைய முகப்படம் ஒன்றைப் பார்த்து, இது யார் கை, எந்தக் காலம் என்று சொல்வது என் வேலை. தி.நகரில் நகைக்கடைக்காரன் கல்லில் உரசிப் பார்த்து மாற்றுச் சொன்னால் வாயைத் திறக்காமல் நம்புகிறவர்கள், நான் கோட்டைப் பார்த்துச் சொன்னால் "அதெப்படி சார்?" என்பார்கள். அப்படித்தான். ஒருவர் கையெழுத்தைக் கண்டால் நமக்குத் தெரிவதில்லையா, அதுபோல. ஒருவர் வரைந்ததை இன்னொருவர் பெயரில் போட்டிருப்பதைப் பார்த்தால் எனக்கு உடம்பே எரியும். கண்காட்சிகளில் பெயர்ச் சீட்டைக் கிழித்துவிட்டு வந்ததுகூட உண்டு.

தில்லைநாயகத்தின் பெயரைக் கேட்டுக் கேட்டே நீ வளர்ந்தாய். உங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்து அவரைப் பற்றிப் பேசாமல் நான் எழுந்ததில்லை. நூறு வருஷத்துக்கும் முன்னால் மதராஸில் வக்கீல்களுக்கும் துபாஷிகளுக்கும் பென்சிலில் முகம் வரைந்து கொடுத்தவர். ஒரு படத்திலும் கையெழுத்துப் போடாத மகானுபாவர். வீடு வீடாக ஏறி, பரண் பரணாகத் தேடி, இது அவருடையது, இது இல்லை என்று பிரித்து வைத்தவன் நான். அவர் 1879-இல் இறந்தார் என்று நிறுவியவனும் நான். என்னைக் கேட்டால், நான் இல்லையென்றால் தில்லைநாயகமே இல்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

அடையாறில் ஒரு பழைய பங்களாவை இடித்து ஃபிளாட் கட்டினார்கள். அங்கே தகரப் பெட்டி ஒன்றில் ஒரு கட்டுப் படங்கள் கிடைத்தன. தில்லைநாயகம் அந்த வீட்டுக்கு வந்து போனவர். படங்கள் அவருடைய தரம்தான், சொல்லப்போனால் சிலது அதற்கும் மேல். ஒன்றுதான் இடித்தது. வலக்கைக்காரர் நிழலுக்குக் கோடு போட்டால் கோட்டின் தலை வலப்பக்கம் சாயும். இந்தப் படங்களில் சிலவற்றில் கோடுகள் இடப்பக்கம் சாய்ந்திருந்தன.

அதற்கு நான் ஒரு விளக்கம் சொன்னேன். படம் வாடிக்கையாளரிடம் போவதற்கு முன் ஓவியர் அதன்மேல் ஈரத்தாளை வைத்து அழுத்தித் தனக்கென்று ஒரு பிரதி ஒத்தி எடுத்துக்கொண்டார். ஒத்தி எடுத்தால் இடது வலதாகும், சாய்வும் மாறும். ஆகவே இவை தில்லைநாயகத்தின் ஒத்துப் பிரதிகள். சாட்சிக்கு அந்தக் கட்டிலேயே ஒரு படம் இருந்தது. திறந்த மார்போடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர், பூணூல் வலது தோளில். எந்தப் பிராமணன் வலது தோளில் பூணூலைப் போட்டுக்கொண்டு படத்துக்கு உட்காருவான்? அசலில் இடது தோளில் இருந்தது, பிரதியில் மாறிவிட்டது. இதைத் தொண்ணூற்றொன்றில் கட்டுரையாக எழுதினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். தொண்ணூற்றாறு கடைசியில் மயிலாப்பூரில் ஒரு கண்காட்சி ஏற்பாடாயிற்று. கேட்லாக் அட்டையில் அந்தப் பூணூல் படம்தான், கீழே தில்லைநாயகம் பெயர், காலம் 1868.

உன் அப்பாவுக்குப் படம் தெரியாது, தாள் தெரியும். கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற மனிதன், அட்டையில் ஒட்டிப்போன தாளைச் சேதமில்லாமல் பிரித்தெடுப்பதில் கெட்டிக்காரன். கண் நான், தாள் அவன் என்று முப்பது வருஷம் ஓடியது. கண்காட்சிக்காக அந்தப் படத்தைப் பழைய அட்டையிலிருந்து பிரித்துத் தரும்படி அவனிடம் கொடுத்திருந்தேன். ஐப்பசி மாதம், நல்ல மழை. பனகல் பார்க்குக்குப் பின்னால் உங்கள் ஃபிளாட்டுக்கு நான் போனபோது விளக்கைப் போட்டு, படத்தை மேஜைமேல் விரித்து வைத்துக் காத்திருந்தான். குழந்தை மாதிரி முகமெல்லாம் சிரிப்பு.

"ஸ்ரீ, இங்க வா. அவரோட வலது கையைப் பாரு. மோதிர வெரல்ல என்ன?"

"மோதிரம்."

"எந்த மோதிரம்டா மூணு இழையா முறுக்கி முடிச்சுப் போட்டிருக்கும்? பவித்திரம்டா அது. மூணு தர்ப்பைப் புல்லு. எண்ணிப் பாரு, எண்ணி வரைஞ்சிருக்கா."

நான் குனிந்து எண்ணினேன். அவனே தொடர்ந்தான்.

"படம் திரும்பிடுத்துங்கறே. அப்போ அசல்ல பவித்திரம் எடது கைல இருந்திருக்கணும். லோகத்துல எவனாவது எடது கைல போட்டுப்பானா? படம் திரும்பவே இல்லை. அவர்தான் பூணூலை வலது தோளுக்கு மாத்திண்டு உக்காந்திண்டிருக்கார். ஆத்துல திவசம்டா!"

பிறகு சிரித்துக்கொண்டே சொன்னான். "நீ ஒங்கப்பாவுக்கு ஒரு வருஷமாவது திவசம் பண்ணியிருந்தா, நான் சொல்லாமயே தெரிஞ்சிருக்கும்."

கேலிதான். முப்பது வருஷத்தில் எத்தனையோ கேலி. எனக்கு அந்த நம்பிக்கை இல்லை, அப்பா போனதிலிருந்து ஒன்றும் செய்ததில்லை. அது அவனுக்கும் தெரியும். எனக்குக் காது மட்டும் சூடாயிற்று.

அவன் நிறுத்தவில்லை. தாளைத் திருப்பிக் காட்டினான். பின்பக்கம் பென்சில் அழுத்திய தடங்கள் விரலுக்குத் தட்டுப்பட்டன. ஒத்தி எடுத்த தாளில் பென்சில் தடம் எப்படி வரும்? அட்டையில் ஒட்டியிருந்தவரைக்கும் அது எனக்குத் தெரியாது. பிறகு விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தான். தாளுக்குள்ளே, அதைச் செய்த ஆலையின் நீர்க்குறி தெரிந்தது, வருஷத்தோடு. 1883. தில்லைநாயகம் செத்து நாலு வருஷம் ஆன பிறகு செய்த தாள்.

"திவசத்தன்னிக்கு வெளி மனுஷாளை ஆத்துக்குள்ள விடுவாளா? வரைஞ்சது ஆத்து மனுஷா. எடக்கைக்காரா. இதோ இந்த ஓரத்துல நெட்டுக்குத்தா நிழல் இருக்கே, நீ தூண்னு எழுதினியே, இது தூண் இல்லைடா. கதவு நிலை. யாரோ உள்ளேர்ந்து, கதவுக்குப் பின்னாடி நின்னுண்டு பாத்திருக்கா."

அந்த யாரோ யாரென்றும் அடையாறு பங்களாக் குடும்பத்திடம் போய் விசாரித்து வைத்திருந்தான். பெரியவரின் பெண் தர்மாம்பாள். சின்ன வயதிலேயே தாலியறுந்து, தலையை மழித்து, பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். எதற்கெடுத்தாலும் இடது கை நீட்டுகிறாள் என்று திட்டு வாங்கினவள். தில்லைநாயகம் அவளுடைய தம்பிகளுக்குப் பாடம் சொல்லித்தர வந்தபோது இவள் சமையலறையிலிருந்து பார்த்தே கற்றுக்கொண்டிருக்கிறாள். இந்த அத்தையைப் பற்றி அந்த வீட்டு அம்மாள் என்னிடமும் முன்பே சொல்லியிருந்தாள். "சதா எதையாவது கிறுக்கிண்டே இருப்பாளாம்" என்று. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. வீட்டுக்கு வீடு ஓர் அத்தை இருக்கிறாள், எல்லா அத்தையும் எதையாவது செய்துகொண்டுதான் இருக்கிறாள்.

"கேட்லாக் திங்கட்கிழமை அச்சுக்குப் போறது. அதுக்குள்ள மாத்திடணும்" என்றான்.

"கண்காட்சி முடியட்டும் பிரசாத். அப்பறம் நிதானமா எழுதலாம்."

"அவ கதவுக்குப் பின்னாடி நின்னது போறும்டா." முதல் தடவையாகக் குரலைத் தாழ்த்தினான். "நீ சொல்லு. இல்லேன்னா நான் சொல்றேன். ஒனக்குக் கஷ்டமா இருந்தா ரெண்டு பேர் பேரையும் போட்டுக்கலாம்."

ரெண்டு பேர் பேரையும். என் முப்பது வருஷத்தில் அவன் எனக்குப் பாதி தருகிறான். நல்ல மனசோடுதான் தந்தான், அதை மறுக்கவில்லை. அவனுடைய நல்ல மனசைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மழையில் குடை இருந்தும் விரிக்காமல் ஆழ்வார்பேட்டை வரைக்கும் நடந்தே வந்தேன். வீட்டுக்குள்ளும் நடந்துகொண்டேதான் இருந்தேன்.

அந்தச் சனிக்கிழமை உன் தாத்தாவின் திதி. இது தற்செயல். நான் ஏற்பாடு செய்ததில்லை.

உன் அம்மா போனபிறகு அவன் திவசத்தைச் சுருக்கமாகத்தான் செய்துகொண்டிருந்தான். சமையல், ஹோமம் ஒன்றும் இல்லை. தட்டில் அரிசியும் வாழைக்காயும் வைத்து, பஞ்சாபகேச சாஸ்திரிகள் ஒருவரே வந்து நடத்திக் கொடுப்பார். முடிந்ததும் பிரசாத் தானே சாதம் வடித்துச் சாப்பிடுவான். முடிகிறவரைக்கும் பச்சைத் தண்ணீரைத் தவிர வாயில் எதுவும் படாது. சர்க்கரை வியாதிக்குக் காலையில் ஊசி போட்டுக்கொள்கிறவன் இப்படி இருக்கலாமா என்று அவனுடைய டாக்டர் கத்துவார். திவசத்தன்று பாதி மருந்து, பன்னிரண்டுக்குள் சாப்பாடு என்று அவரோடு ஒரு சமாதானம் செய்துகொண்டிருந்தான். உனக்கு இதெல்லாம் தெரியாது. நீ ஆதிலைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு பூனாவுக்குப் போனபிறகு அப்பாவின் வைதிக விஷயங்களை நீ கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை. எனக்கு எல்லாம் தெரியும். அவனுக்குச் சர்க்கரை இறங்கினால் எப்படி வேர்க்கும், பேச்சு எப்படிக் குழறும், காரணமில்லாமல் எப்படிக் கோபம் வரும் என்று தெரியும். ஒருமுறை நூலகத்தில் வைத்து நான்தான் அவன் வாயில் சர்க்கரை போட்டுக் காப்பாற்றினேன். அதையும் கணக்கில் வைத்துக்கொள்.

மழையில் உங்கள் வீட்டு ஃபோன் செத்துப்போயிருந்தது. வெள்ளிக்கிழமை அவனே என்னிடம் சொன்னான். "சாஸ்திரிகளுக்கு ஒரு ஃபோன் போட்டுடு. பத்தரைக்கு வந்துடச் சொல்லு. எனக்கு ஊசி இருக்கு, தெரியுமோன்னோ?"

தெரியும் என்றேன். வீட்டுக்கு வந்து ஃபோன் செய்தேன். அப்போது என் மனதில் ஒன்றுமில்லை, வாய் தவறிவிட்டது என்று எழுதத்தான் ஆசை. ஆனால் வாய் தவறினவன் அதற்கு ஒரு காரணமும் ஜோடித்துச் சொல்ல மாட்டான். நான் சொன்னேன்: "பிரசாத் இந்த வருஷம் அபராஹ்ண காலத்துலயே பண்ணணும்னு ஆசைப்படறான். ரெண்டு மணிக்கு வந்தாப் போறும்."

சாஸ்திரிகளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "பேஷ்! அதானே சாஸ்திரம்? இப்போல்லாம் யார் கேக்கறா? எல்லாரும் ஆபீஸ் நேரத்தைன்னா பாக்கறா. பிரசாத் நன்னா இருக்கணும்" என்று ஆசீர்வாதம் செய்தார்.

மறுநாள் பத்து மணிக்கெல்லாம் நான் உங்கள் வீட்டில் இருந்தேன். அவன் குளித்து, ஈர வேஷ்டியைச் சுற்றிக்கொண்டு, எள்ளும் தர்ப்பையும் எடுத்து வைத்து உட்கார்ந்திருந்தான். பதினொன்று வரைக்கும் தர்மாம்பாளைப் பற்றியே பேசினான். அவள் முகம் எப்படி இருந்திருக்கும், யார் அவளை வரைந்திருப்பார்கள் என்று கேட்டான். யாரும் வரைந்திருக்க மாட்டார்கள் என்றேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அப்படிப்பட்ட மனிதன்.

பதினொன்றரைக்கு வாசலைப் பார்க்க ஆரம்பித்தான். "கீழ கடைலேர்ந்து ஒரு ஃபோன் பண்ணிப் பாரேன்" என்றான். இறங்கினேன். வாட்ச்மேன் கபாலி ஸ்டூலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான். அவனிடம் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினேன். கடைப் பக்கம் போகவே இல்லை. மேலே வந்து, "கெளம்பிட்டாராம். மழையில எங்கயோ மாட்டிண்டிருக்கார். இதோ வந்துடுவார்" என்றேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

"ஏதாவது சாப்பிடறியா?" என்று ஒருமுறை கேட்டேன். கேட்டேன் என்பதை நீ நம்ப வேண்டும். "கர்மா முடியாம முடியாது. இதோ வந்துடுவார்னு நீயே சொல்றியே" என்றான். அவன் விரதம், அவன் முடிவு. அதற்குமேல் நான் என்ன செய்வது?

நான் கூடத்தில் நடந்தேன். ஜன்னலிலிருந்து சமையலறை வாசல், அங்கிருந்து ஜன்னல். அவனுக்கு வேர்த்தது. "ஏண்டா கூண்டுல போட்ட மாதிரி நடக்கறே, தலை சுத்தறது, ஒக்காரு" என்று எரிந்து விழுந்தான். அவன் என்மேல் எரிந்து விழுகிறவனே இல்லை. நான் உட்கார்ந்தேன். முடியவில்லை, எழுந்துவிட்டேன். அவன் தட்டிலிருந்த வாழைக்காயை எடுத்துப் பார்த்தான், அது என்ன என்று தெரியாதவன்போல. அப்புறம் சுவரில் சாய்ந்துகொண்டான்.

அவன் சுவரில் சாய்ந்தது எல்லோருக்கும் சொன்னதுதான். இனிமேல் சொல்வது புதியது. அவன் கடைசிவரைக்கும் ஒன்றும் வேண்டாம் என்று சொன்னதாக உன்னிடம் சொல்லியிருக்கிறேன் அல்லவா? அது சரியில்லை. அவன் கேட்டான். விரதத்தைத் தானே விட்டுக்கொடுத்துக் கேட்டான். நாக்குத் தடித்துப்போயிருந்தது, ஆனாலும் தெளிவாகத்தான் கேட்டது. "ஸ்ரீ... சக்கரை."

நான் சமையலறைக்குப் போனேன். சர்க்கரை டப்பா எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும், உன் அம்மா வைத்த இடத்திலேயே இருந்தது. எடுத்துக்கொண்டு வந்தேன். மூடியைக்கூடத் திறந்துவிட்டேன். அவன் கையை நீட்டினான். அவனுக்குப் பின்னால் மேஜைமேல் அந்தப் படம் இருந்தது. நான் மூடியை மறுபடி போட்டு அழுத்தினேன்.

"கர்மா முடியட்டும், பிரசாத்" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. புரியவில்லை என்றே வைத்துக்கொண்டிருக்கிறேன். டப்பாவைக் கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்தேன். திரும்பி வந்து, படத்தை ஈரம் படாமல் உறையில் போட்டு என் பைக்குள் வைத்துக்கொண்டேன். அப்புறம் காத்திருந்தேன். விசித்திரம் என்னவென்றால் அப்போது எனக்கு நடக்கத் தோன்றவில்லை. சாஸ்திரிகள் வந்து மணியடிக்கிறவரைக்கும் நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருந்தேன்.

அவர் சரியாக இரண்டு மணிக்கு வந்தார். அதன் பிறகு நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும். கபாலிதான் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தான். "இன்னா சார் இது, காத்தால நல்லா பேசிக்கினு இருந்தாரே சார்" என்று அழுதான். டாக்டர் சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது, இதயமும் தாங்கவில்லை என்றார். சாஸ்திரிகள் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு மணின்னுதானே சொன்னேள்?" என்று என்னைக் கேட்டார். எல்லோர் முன்னிலையிலும் மெதுவாக, மரியாதையாகச் சொன்னேன்: "பத்தரைன்னு சொன்னேனே மாமா. ஒங்களுக்கு வயசாயிடுத்து, பாவம்." அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தன்னையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார், முகத்தில் தெரிந்தது.

நீ பூனாவிலிருந்து வந்தாய். பிள்ளை இல்லை, மாப்பிள்ளை செய்ய முடியாது. நானும் அவனும் ஒரே கோத்திரம். நீயே உன் கையால் எனக்குப் புல்லைக் கொடுத்தாய். "மாமா, அப்பாவுக்கு நீங்கதான் பண்ணணும்" என்றாய். அப்பாவுக்கே செய்யாதவன் உன் அப்பாவுக்குக் கொள்ளி வைத்தேன். இறந்தவனுக்குச் செய்யும்போது பவித்திரத்துக்கு ஒற்றைப் புல்தான் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். விரலில் அது குத்திக்கொண்டே இருந்தது. வலது தோளுக்குப் பூணூலை மாற்றிக்கொண்டபோது எனக்கு அந்தப் படம் முழுசாகப் புரிந்தது, அந்தப் பெரியவர் ஏன் கொஞ்சம் முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறார் என்பதுகூட. பிரசாத் சொன்னது சரிதான், செய்து பார்த்தால்தான் தெரிகிறது. கண்காட்சியை நான் தள்ளிவைத்தேன். வருஷம் திரும்புவதற்குள் புத்தகத்தை எழுதி முடித்தேன். என் பழைய கருத்து தவறு என்று முன்னுரையிலேயே எழுதினேன். இந்த ஊரில் எத்தனை பேர் தங்கள் தப்பைத் தாங்களே அச்சில் ஒப்புக்கொள்கிறார்கள்? பத்திரிகைகளில் அதைத்தான் பாராட்டி எழுதினார்கள். புத்தகத்தை உன் அப்பாவுக்குத்தான் காணிக்கையாக்கியிருக்கிறேன், நீ பார்த்திருப்பாய்.

ஆனால் சாஸ்திரிகள் விஷயம் அப்படி விடக்கூடியதில்லை. மயிலாப்பூரில் அவரை இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. "நேரம் மறந்து ஒரு மனுஷனைக் கொன்னுட்டார்" என்று சொல்கிறார்கள். அவரே அதை நம்புகிறார். போன மாதம் தெற்கு மாடவீதியில் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டு, "என்னாலதானே, ஸ்ரீநாத்? சொல்லுங்கோ, என்னாலதானே?" என்றார். நேற்று நீயும் அதையே சொன்னாய். இவ்வளவு கவனமாகச் செய்த ஒன்று, ஒரு மறதிக்காரக் கிழவரின் கைத்தவறுதல் என்று எல்லோர் வாயிலும் நிலைத்துப்போவதா? அவருக்கு அதைச் செய்கிற திறமை ஏது? பார்க்கத் தெரிந்தவர்கள் பார்த்தால் அது யார் கை என்று முதல் பார்வையிலேயே சொல்வார்கள். இரண்டு மணி என்று சொன்னவன் நான். கடைக்குப் போகாமல் பொய் சொன்னவன் நான். டப்பாவை மூடினவன் நான். இதைக் கொண்டுபோய்ப் போலீஸில் கொடு, நான் எங்கேயும் போகப் போவதில்லை. சாஸ்திரிகளிடமும் ஒருமுறை படித்துக் காட்டு. அவருக்கு இது தெரிய வேண்டும்.

மறுபதிப்பில் அந்த வரியைச் சேர்ப்பது மட்டும் என்னால் ஆகாது, மாளவிகா. நேற்றிலிருந்து எல்லாப் பக்கமும் யோசித்துவிட்டேன். உன் அப்பா பார்த்தது ஒரு புல் முடிச்சு, அவ்வளவுதான். பூணூல் வலது தோளில் இருக்கிறது என்று அவன் பார்ப்பதற்கு ஐந்து வருஷம் முன்பே எழுதியவன் நான். தர்மாம்பாளைப் பற்றி அந்த வீட்டு அம்மாள் முதலில் சொன்னது என்னிடம். தாளைப் பிரிக்கச் சொல்லிக் கொடுத்தவன் நான். இன்னும் கொஞ்சம் காலம் இருந்திருந்தால் நானே அங்கே வந்து சேர்ந்திருப்பேன், அவன்தான் அவசரப்பட்டுவிட்டான். உன் அப்பாவைக் கொன்றது நான் என்று எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் தர்மாம்பாளைக் கண்டுபிடித்தது அவன் என்று போடச் சொல்லாதே, என்னால் பொய் எழுத முடியாது.